துலம்பெனிற் கிடக்கும் கப்பலும் புதிதாக மூழ்குவோரும்

கடலுள் மூழ்குதல் நம்மவர்க்குப் புதிய தொழிலன்று. மன்னார்க் கடலில் முத்துக் குளித்தோரும் வடகரையிற் சங்கு குளித்தோரும் சுவாசக் கருவி யாதொன்றுமின்றிக் கடலடியைத் தொட்டு மீண்டனர். முத்துக்குளிப்போனைக் கல்லொன்று கீழே கொண்டு சென்றது. தோணியில் நின்றோர் பற்றிய கயிறு மேலே கொண்டு வந்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சிறுபொழுதினை அவன் தன் அடக்கிய மூச்சினால் அளந்தான். ஆதலின் மூழ்குதல் என்றவுடன் மூச்சையடக்குதல் என்னும் எண்ணமே நம் உள்ளத்தில் முதற்கண் எழுகின்றது. அவ்வெண்ணத்தைக் கரையிலே விட்டுச் செல்லாதவன், காற்றுருளையை முதுகிற் சுமந்து மூழ்கும் இக்காலத்து முறையைப் பயிலுதல் ஆகாது. 'ஸ்கூபா' எனப்படும் அம்முறையில் முதலாவது விதி, மூச்சை ஒருபோதும் அடக்கற்க என்பதே. ஒரே செயலுக்குரிய விதி இவ்வாறு தலைகீழாயது ஏன் என்பதையும், ஆழங்குறைந்த கடலில் அவ்விதி தளராது மேலும் இறுகுவது ஏன் என்பதையும், உண்மையான ஒரு கப்பலை முன்வைத்து ஈண்டு விளக்க முயல்வாம்.

மூழ்கிய கப்பல் என்றதும் இலங்கையர் பலர்க்கும் நினைவில் வருவது மட்டக்களப்புக் கடலிற் கிடக்கும் 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலாகும். 1942 ஏப்பிரல் 9 இல் யப்பானிய விமானங்கள் அதனைத் தாக்கி அமிழ்த்தின. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் அதனோடு மாண்டனர். அது 50 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திற் கிடக்கின்றது. அடிப்படைப் பயிற்சியை அண்மையில் முடித்தோர்க்குப் பொதுவாக விதிக்கப்படும் எல்லையோ 18 மீற்றரேயாகும். ஆகவே, ஹேர்மிஸ் புதியவர்க்குரிய இடமன்று. பல்லாண்டு பயின்றோரும் தனிப்பயிற்சி பெற்றே அங்குச் செல்வர். ஆயின், ஹேர்மிஸ் அமிழ்வதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், அதே போரில், அதே யப்பானியராலே தாக்குண்ட வேறொரு கப்பல் உண்டு. இன்று உலகெங்குமிருந்து வரும் புதிய மூழ்குநர் முதன்முதலாகக் காணும் கப்பல்களுள் அஃது ஒன்று. அது கிடப்பது இந்தோனேசியாவைச் சேர்ந்த பாலித்தீவின் வடகீழ்க் கரையில், துலம்பென் என்னும் சிற்றூரின் முன்பாகும்.

அக்கப்பலின் பெயர் 'லிபேட்டி'. 1918ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் நியூ யேர்சி மாநிலத்துக் கேர்ணி என்னுமிடத்திற் கட்டப்பட்ட சரக்குக் கப்பல் அது. நீளம் ஏறத்தாழ 125 மீற்றர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கில் விரைந்து கட்டப்பட்ட 'லிபேட்டிக் கப்பல்கள்' என்னும் வகையுள் இதனையும் ஒன்றாகச் சிலர் கருதுவர். அது பிழை, அவ்வகைக் கப்பல்கள் தோன்றுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டது இது. 1942 சனவரி 11 இல், அவுஸ்திரேலியாவிலிருந்து பிலிப்பைன்சை நோக்கி இரப்பரும் புகையிரதப் பாதைக்குரிய உறுப்புக்களும் ஏற்றிச் சென்றபோது, லொம்பொக்கு நீரிணைக்கு அண்மையில் 'ஐ-166' என்னும் யப்பானிய நீர்மூழ்கிக் கப்பலின் டோப்பீடோ இதனைத் துளைத்தது. அமெரிக்க நாசகாரியொன்றும் ஒல்லாந்த நாசகாரியொன்றும் சேர்ந்து பாலித்தீவின் வடகரையிலுள்ள சிங்கராசாத் துறைமுகத்துக்கு இதனை இழுத்துச் செல்ல முயன்றன. புகுந்த நீரின் பாரம் அதற்கு இடந்தரவில்லை. அமிழ்வதற்கு முன்னர்ச் சரக்கையாயினும் காக்கலாமெனக் கருதித் துலம்பென் கரையில் இதனை ஏற்றிவிட்டனர். சரக்கும் பயன்படக்கூடிய பிறவும் அகற்றப்பட்டபின், வெற்றுடலாக 21 ஆண்டுகள் இது கரையிலேயே கிடந்தது.

இதனைக் கடலுக்குள் மீட்டும் தள்ளியது மனிதரன்று, மலை. துலம்பெனுக்குப் பின்னே 3,000 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஆகுங்கு எரிமலை, பாலித்தீவு இந்துக்களின் திருமலையாகும். அதன் சரிவிலுள்ள பெசாக்கிப் பெருங்கோயிலில், நூறாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் ஏகாதசருத்திரம் என்னும் பெருவேள்வி 1963இன் தொடக்கத்தில் நடைபெற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே அம்மலை பொங்கத் தொடங்கிற்று. மார்ச்சு 17 இல் நிகழ்ந்த பெருங்குமுறல் உள்ளிட்ட அவ்வாண்டு அழிவில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். கோயிலோ எரிகுழம்புக்குத் தப்பிற்று. அவ்வேள்வி 1979இல் மீண்டும் எடுக்கப்பட்டது. அம்மலையின் அதிர்வு கரையிற் கிடந்த லிபேட்டியை அசைத்து நீருக்குள் வழுக்கச் செய்தது. நம் கல்லூரி மாணவர்க்குப் பாலித்தீவு இந்து சமயத்தை அறிமுகஞ் செய்ய விரும்பியே நான் ஒரு விடுமுறைக் காலத்தில் அங்குச் சென்றேன். கோயிலைக் காணச் சென்றவன் கடலுள் இறங்கியதற்கு அம்மலை கூறிய இக்கதையே காரணம்.

கப்பல் இப்பொழுது கரையிலிருந்து ஏறத்தாழ 30 மீற்றர் தூரத்தில், கரைக்கு இணையாக, கருமணற் சரிவொன்றில் ஒருபுறஞ் சாய்ந்து கிடக்கின்றது. அதன் மிகவுயர்ந்த பகுதி நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ 5 மீற்றர் கீழும், மிகத் தாழ்ந்த பகுதி ஏறத்தாழ 30 மீற்றர் கீழும் உள்ளன. இவ்வமைப்பே அதன் தனிச்சிறப்பு. படகு வேண்டியதில்லை, நீந்திச் செல்லுந் தூரமும் மிகச் சிறிது, வேண்டிய ஆழத்தை மூழ்குபவன் தானே தெரிந்துகொள்ளலாம். புதியவன் 18 மீற்றர் எல்லையைக் கடவாமலே கப்பலின் பெரும்பகுதியைக் கண்டு திரும்பலாம். இதனால் 'இலகுவான கப்பல்' என்னும் பெயர் இதற்கு வந்தது. இப்பெயர் ஒருவகையில் மயக்கந் தருவது. அடைதற்கு இலகு என்பது வேறு; ஆங்கு நிகழும் பௌதிகம் இலகு என்பது வேறு.

நீர்மட்டத்தில் நம் உடலை அமுக்குவது ஒரு வளிமண்டல அமுக்கம். கடல்நீரில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் இன்னுமொரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. ஆகவே 10 மீற்றரில் இரண்டு, 20இல் மூன்று, 30இல் நான்கு. போயிலின் விதிப்படி, வெப்பநிலை மாறாதிருக்கையில் வாயுவொன்றின் கனவளவு அமுக்கத்துக்கு நேர்மாறு விகிதசமமாகும். நீர்மட்டத்தில் 12 லீற்றர் இடங்கொள்ளும் காற்று 10 மீற்றரில் 6 லீற்றராகவும், 20இல் 4 லீற்றராகவும், 30இல் 3 லீற்றராகவும் சுருங்கும். இவ்வெண்களைச் சற்றே நின்று நோக்குக. முப்பதிலிருந்து இருபதுக்கு ஏறுகையில் மூன்று லீற்றர் நான்காகின்றது; மூன்றிலொரு பங்கே கூடுகின்றது. கடைசிப் பத்து மீற்றரிலோ ஆறு லீற்றர் பன்னிரண்டாகின்றது. அஃதாவது, கனவளவு மிகவேகமாக மாறுவது ஆழ்கடலிலன்று. நாம் அஞ்சாது ஆடும் மேல்நீரிலேயாம்.

முத்துக்குளிப்போன் தன் மூச்சை நீர்மட்டத்தில் எடுத்துச் செல்கின்றான். கீழே அக்காற்று சுருங்கும். மேலே வருகையில் முன்னிருந்த அளவை மாத்திரம் அடையும். சுவாசப்பைக்கு அதனால் தீங்கில்லை. கருவியோடு மூழ்குவோன் கீழேயிருந்து மூச்செடுக்கின்றான். 10 மீற்றர் ஆழத்தில் 6 லீற்றர் காற்றாற் சுவாசப்பையை நிரப்பி, அதனை அடக்கிக்கொண்டு அவன் மேலெழுவானாயின், அக்காற்று 12 லீற்றர் இடத்தை வேண்டி நிற்கும். அவ்விடம் மனிதனின் மார்பினுள் இல்லை. சுவாசப்பையின் நுண்ணறைகள் கிழிந்து, காற்றுக்குமிழிகள் குருதியிற் புகுந்து, மூளைக்குச் செல்லும் நாளங்களை அடைத்துவிடக்கூடும். சுவாசப்பை நிறைந்திருக்கையில் ஒரு மீற்றர் சொச்சம் மேலெழுதலே இத்தீங்குக்குப் போதுமென மருத்துவர் கூறுவர். ஆழங்குறைந்த இடமென்று அலட்சியஞ் செய்வோர் அறியவேண்டியது இதுவே.

விஞ்ஞான ஆசிரியர் இல்லாத ஆண்டுகளிற் கீழ்வகுப்புக்களுக்கு இவ்விதியைக் கரும்பலகையில் எழுதி விளக்கியவன் நான். மாணவர் பலருக்கு இதில் முழுப்புள்ளியும் இட்டிருக்கின்றேன். துலம்பெனில் முதலாம் நாட் பயிற்சியில், மூன்று மீற்றர் ஆழத்தில் முழந்தாளிட்டு, முகக்கண்ணாடியைக் கழற்றி மீண்டும் அணியுமாறு பயிற்றுநர் சைகை காட்டினார். கழற்றினேன். உப்புநீர் மூக்கை அடைந்த அக்கணமே என் மார்பு நிறையக் காற்றை இழுத்து, வாயை இறுக்கிக் கொண்டேன். காற்று நிறைந்த உடல் தக்கைபோல மேலெழத் தொடங்கிற்று. பயிற்றுநர் என் சட்டையைப் பற்றி இழுத்துத் தம் வாயிலிருந்து குமிழிகளை விட்டுக் காட்டியபின்னரே என் மூச்சு வெளிவந்தது. விதியை அறிந்திருத்தல் உடலுக்குத் தெரியாது என்பதை அன்று அறிந்தேன். அதே பயிற்சியை அவர் என்னை எட்டு முறை செய்வித்தார். அதில் எனக்கு அப்பொழுது சினமுண்டாயிற்று, இப்பொழுது இல்லை.

இனிக் கருவியைப்பற்றிச் சிறிது கூறுவாம். நீரினுள் ஒருவன் தானாகவே சுவாசிப்பதற்கு ஏற்ற கருவியை, 1943இல் பிரெஞ்சுக் கடற்படையினரான ஜாக் கூஸ்தோவும் பொறியியலாளரான எமில் காஞ்ஞானும் செம்மைசெய்தனர். அதன் உயிர்நிலை சீராக்கி என்னும் உறுப்பாகும். உருளையில் ஏறத்தாழ 200 வளிமண்டல அமுக்கத்தில் அடைக்கப்பட்டிருக்கும் காற்றை, மூழ்குபவனைச் சூழ்ந்துள்ள நீரின் அமுக்கம் எவ்வளவோ அவ்வளவுக்குத் தணித்து, அவன் உள்ளிழுக்கும்போது மாத்திரம் அது வழங்குகின்றது. இதனாலேயே ஆழத்தில் மார்பை விரித்து மூச்செடுக்க முடிகின்றது. நீண்ட குழாயொன்றின் மேல்முனையை நீருக்கு வெளியே நிறுத்திக் கீழிருந்து சுவாசிக்கலாமே எனச் சிறுவர் வினவுவதுண்டு. ஒரு மீற்றர் ஆழத்திலேயே நீரின் பாரம் மார்பை விரியவிடாது என்பதே அதற்கு விடை. உருளையில் இருப்பது ஒட்சிசன் என்று நாளிதழ்களும் எழுதுகின்றன. புதியவர் பயன்படுத்தும் உருளையில் இருப்பது நாம் இங்கே சுவாசிக்கும் சாதாரண காற்றே. ஒட்சிசன் ஐந்திலொரு பங்கு, எஞ்சியதிற் பெரும்பாலும் நைதரசன். தூய ஒட்சிசன் ஆறேழு மீற்றருக்குக் கீழே நரம்புகளைத் தாக்கி வலிப்பை உண்டாக்கவல்லது.

இக்காற்று எவ்வளவு நேரத்துக்குப் போதும் என்பதும் ஆழத்தைப் பொறுத்ததே. 11 லீற்றர் கொள்ளும் உருளையில் 200 வளிமண்டல அமுக்கத்துக்கு அடைத்த காற்று, வெளியே விடின் 2,200 லீற்றராகும். அமைதியாக இருக்கும் ஒருவன் நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிக்கின்றான் எனக் கொள்வோம். நீர்மட்டத்தில் அது 110 நிமிடத்துக்குப் போதும். 10 மீற்றரில் 55 நிமிடத்துக்கு. 20 மீற்றரில் 36 நிமிடத்துக்கு. கால்வாசியைத் தீண்டாமல் வைத்துக்கொண்டு மேலே வருதல் வழக்கமாதலின், உண்மையிற் கிடைப்பது இதனினும் குறைவு. அச்சங்கொண்டவன் இருமடங்கு சுவாசிப்பான். ஆழங்குறைந்த கப்பல் புதியவனுக்கு அளிக்கும் பெருங்கொடை இந்த நேரமேயாகும். ஆழத்திற் கிடக்கும் கப்பலிற் சில நிமிடங்களே நின்று திரும்பவேண்டியவன், இங்கே முக்கால் மணி நேரம் அவசரமின்றி நோக்கலாம்.

துலம்பென் கரையில் மணலைக் காட்டிலும் கல்லே மிகுதி. எரிமலை உமிழ்ந்து அலை உருட்டிய கருங்கற்கள் முட்டைபோல் வழுவழுத்துக் கிடக்கின்றன. அவ்வூர்ப் பெண்கள் பாரமான உருளைகளைத் தலையிற் சுமந்து அக்கற்களின்மீது கைவீசி நடக்கின்றனர். பயணிகளாகிய நாமோ வெறுங்கையோடு தடுமாறுகின்றோம். இக்கரையில் உண்டாகும் காயங்களிற் பெரும்பாலானவை நீருள் அல்ல, முழங்கால் அளவு நீரிலேயே உண்டாவன என்று பயிற்றுநர் கூறினார். துடுப்புப் பாதணியைக் கரையில் அணிந்து நடக்கலாகாது. இரண்டு அலைகளின் இடைவெளியில் இறங்கி, இடுப்பளவு நீரில் மிதந்தபடி, துணைவனின் தோளைப் பற்றிக்கொண்டு அணியவேண்டும். துணைவனின்றித் தனியே இறங்குதல் எவர்க்கும் ஆகாது.

கீழே செல்லுகையில் முதலில் உணரப்படுவது காதின் நோவு. செவிப்பறைக்கு உட்புறமுள்ள காற்று சுருங்க, நீர் அப்பறையை உள்ளே தள்ளுகின்றது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால், ஊத்தேக்கியாவின் குழாய் வழியாகக் காற்று உட்சென்று இருபுறமும் சமனாகும். நோவு வந்தபின் ஊதுதல் பயன்தராது. ஒவ்வொரு மீற்றருக்கும் அல்லது அதற்கு முன்னரே நோவை எதிர்பாராது ஊதிக்கொண்டு செல்லவேண்டும். ஊதியும் காது திறவாவிடின் ஒரு மீற்றர் மேலெழுந்து மீண்டும் முயலவேண்டும். தடிமன் பிடித்தவன் அன்று கரையில் இருப்பதே முறை. பணங்கொடுத்து வந்துவிட்டோமே என்று இறங்கிச் செவிப்பறை கிழிந்தோர் உளர்.

கப்பல் திடீரெனத் தோன்றுவதில்லை. கருமணற் சரிவைத் தொடர்ந்து இறங்குகையில், மணலிலிருந்து புல்லைப்போல நிமிர்ந்து ஆடும் மெல்லிய விலாங்குகள் நம்மைக் கண்டு ஒவ்வொன்றாக வளையுள் ஒடுங்குகின்றன. அவற்றை நோக்கி நிற்கையில், எதிரேயுள்ள நீலம் ஓரிடத்தில் மாத்திரம் சற்றே கருத்திருப்பதை உணர்கின்றோம். மேகமென எண்ணியது சுவராகின்றது. சுவர் என எண்ணியதில் வரிவரியாகச் சட்டங்கள் தெரிகின்றன. மனிதன் அளவெடுத்துச் செய்த நேர்கோடு கடலடியிற் காணப்படும்போது உண்டாகும் உணர்ச்சி விளக்கற்கு அரிது. அக்கோடுகளின் மேலெல்லாம் முருகையும் பஞ்சுயிரியும் கடல்விசிறியும் படர்ந்து, எது இரும்பு, எது உயிர் என்று பிரித்தறிய முடியாதவாறு மூடியிருக்கின்றன. உறுதியான ஒரு தளம் கிடைத்தாற் போதும், கடல் அதனைத் தன் குடிகளுக்கு வழங்கிவிடுகின்றது. நெற்றி புடைத்தனவாகிய பெருங்கிளிமீன்கள் இரவில் இக்கப்பலின் இடுக்குகளிலே துயின்று விடியலில் வெளியேறுகின்றன. அவற்றைக் காண விரும்புவோர் கிழக்கு வெளுக்கும்போதே இறங்குவர்.

காணும் பொருள்களைக் கண்ணை நம்பி அளத்தல் கூடாது. முகக்கண்ணாடியினுள் உள்ள காற்றுக்கும் வெளியே உள்ள நீருக்கும் இடையே ஒளி முறிவடைவதால், பொருள்கள் உள்ள தூரத்தின் முக்காற் பங்கிலே இருப்பனபோலவும், அளவில் மூன்றிலொரு பங்கு பெருத்தும் தோன்றும். கையெட்டும் என்று நீட்டிய கை வெறும் நீரைப் பற்றும். நிறமும் அவ்வாறே மாறுகின்றது. சூரியவொளியின் செந்நிறத்தை நீர் முதலில் உறிஞ்சுகின்றது. பத்து மீற்றர் ஆழத்திற் செம்முருகையும் மங்கிய தவிட்டு நிறமாய்த் தோன்றும். மின்சூளை ஏற்றினாலோ அவ்விடம் மாத்திரம் குங்குமம் கொட்டியதுபோலச் சிவந்துவிடும். பகலில் விளக்கைக் கொண்டு செல்வதேன் என்று நகைத்த நான் இரண்டாம் முறை எனக்கும் ஒன்று வேண்டினேன்.

மிதப்பைக் கையாளத் தெரியாதவன் கப்பலுக்கும் தனக்கும் ஒருங்கே பகைவனாவான். ஆக்கிமிடீசின் தத்துவப்படி, நாம் விலக்கும் நீரின் நிறையும் நம் நிறையும் சமனாயின் மேலேறாமலும் கீழிறங்காமலும் நிற்போம். இடையிற் கட்டும் ஈயக்கட்டிகளும் காற்றூதும் மிதப்புச் சட்டையும் இச்சமநிலையைப் பருமட்டாகத் தருவன. நுண்ணிய திருத்தத்தைச் செய்வது மூச்சேயாம். மெல்ல உள்ளிழுக்க உடல் ஒரு சாண் எழும். மெல்ல வெளிவிட ஒரு சாண் தாழும். மூச்சையடக்காது தொடர்ந்து விடுதல் உயிரைக் காப்பதோடு உடலை நிலைநிறுத்தவும் உதவுகின்றது என்பதைக் காண்க. புதியவர் பெரும்பாலும் வேண்டியதற்கு மேல் ஈயத்தைக் கட்டிக்கொண்டு, அதனை ஈடுசெய்யச் சட்டையில் மிகுதியாகக் காற்றை ஊதி, எழுவதும் விழுவதுமாக அல்லற்படுவர். கப்பலின் அருகே அவ்வாறு விழுபவன் துருவேறிய இரும்பிலோ, கல்லைப்போற் கிடந்து முள்ளில் நஞ்சை வைத்திருக்கும் கல்மீனிலோ கையை ஊன்றக்கூடும். கால்களை மேலுங் கீழும் அடித்தால் அடியிற் படிந்த மண்டி கிளம்பிக் கண்ணை மறைக்கும். முழங்காலை மடித்துத் தவளையைப்போல உதைத்தலே தக்கது.

கப்பலின் உள்ளே புகலாமா என்னும் வினாவைப் புதியவர் எல்லாரும் எழுப்புவர். லிபேட்டியின் உடல் பல இடங்களில் உடைந்து திறந்திருக்கின்றது. சரக்கறையின் ஒரு வாயிலில் நின்று நோக்கினால் மறுபுறத்து நீலம் தெரிகின்றது. நான்கு முறை காலுதைத்தால் மறுபுறம் சென்றுவிடலாம் போலும் என்றே தோன்றும். இத்தோற்றமே இடர். திறந்த நீரில் மூழ்கியவனுக்கு எவ்வகை இடர் நேரினும் இறுதியான ஒரு வழி உண்டு; மூச்சை விட்டுக்கொண்டே நேர்மேலே செல்லுதல். தலைக்குமேல் இரும்புத்தகடு வந்த அக்கணமே அவ்வழி அடைபட்டுவிடுகின்றது. நீர்மட்டம் ஐந்து மீற்றர் தூரத்தில் இருப்பினும் அவனுக்கு அஃது எட்டாத இடமே. உள்ளே கிளம்பும் மண்டி ஒரு நொடியிற் பகலை இரவாக்கும். குழாய் ஏதேனும் ஓர் ஆணியிற் சிக்கும். பதறியவன் காற்றை விழுங்குவான். வழிகாட்டும் நூலுருளை, மிகுதி விளக்குகள், காற்றின் மூன்றிலொரு பங்கை உட்செல்லவும் ஒரு பங்கை வெளிவரவும் ஒரு பங்கை இடருக்கும் ஒதுக்கும் கணக்கு ஆகியவற்றோடு தனியே பயின்றவர்க்குரியது அத்தொழில். மேலும், இரும்பு நாள்தோறும் அரிக்கப்படுகின்றது. சென்ற ஆண்டு நின்ற தகடு இவ்வாண்டும் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. என்னுடன் வந்த இளைஞர் ஒருவர் அவ்வாயிலைச் சுட்டிக் காட்டிப் பயிற்றுநரைப் பார்த்தார். பயிற்றுநர் ஒரு விரலை அசைத்தார், அவ்வளவே. வாயிலில் நின்றே உள்ளே விளக்கைச் செலுத்தி, ஒளிக்கற்றையில் மின்னிய சிறுமீன்களைக் கண்டு திரும்பினோம்.

எடுத்துவரலாமா என்பது அடுத்த வினா. ஓர் ஆணி, ஓர் ஓட்டுத்துண்டு, ஒரு கிளை முருகை. யாருக்கென்ன இழப்பு என்று தோன்றலாம். காலித் துறைமுகத்தில் 1659இல் அமிழ்ந்த 'அவொன்ட்ஸ்டர்' என்னும் ஒல்லாந்தக் கப்பலை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். கரைக்கு அண்மையில், ஏறத்தாழ ஐந்து மீற்றர் ஆழத்தில், மண்டியுட் புதைந்து கிடந்த அதனை 2001ஆம் ஆண்டு முதலாக நம் நாட்டுக் கடல்சார் தொல்லியலாளர் முறையாக அகழ்ந்தனர். ஒரு பொருள் எங்கே, எதன் அருகே, எதன் கீழே கிடந்தது என்பதைக் குறித்த பின்னரே அவர்கள் அதனை அசைத்தனர். கிடந்த இடத்தை இழந்த பானை வெறும் பானையே. சமையலறையிற் கிடந்ததா, சரக்கறையிற் கிடந்ததா என்று அறிந்த பானையே வரலாறு பேசும். அவ்வறிவு ஒருமுறை கலைந்தால் மீளாது. நீரில் நூறாண்டுகளுக்குக் குறையாது கிடந்த எச்சங்களைக் காக்கும் பொருட்டு யுனெஸ்கோ நிறுவனம் 2001இல் ஓர் உடன்படிக்கையை ஏற்றது. லிபேட்டி கடலுட் புகுந்து நூறாண்டாகவில்லை. ஆயினும், நாளொன்றுக்குப் பலர் இறங்கும் அக்கப்பலில் ஒவ்வொருவரும் ஓர் ஆணியைக் கவர்ந்திருப்பின் எனக்குக் காண எதுவும் எஞ்சியிராது.

அமுக்கமானியின் முள் பாதியைத் தாண்டியதும் திரும்பவேண்டும். மேலேறுதலே மூழ்குதலின் மிக நுட்பமான பகுதி. அமுக்கத்தின்கீழ்ச் சுவாசித்த நைதரசன் குருதியிலும் இழையங்களிலும் கரைந்திருக்கின்றது. விரைந்து மேலேறினால், சோடாப் போத்தலைத் திறந்தாற்போல அது குமிழிகளாய் வெளிப்பட்டு மூட்டுக்களிலும் நரம்புகளிலும் நோயை விளைவிக்கும். பிரித்தானிய அறிஞர் ஹோல்டேன் ஆடுகளை வைத்துச் செய்த ஆய்வின் பயனாக, மூழ்குநர் படிப்படியாக நின்று ஏறுதற்குரிய அட்டவணைகள் 1908இல் வெளிவந்தன. ஆழங்குறைந்த கப்பலிற் குறித்த நேரத்துள் திரும்புவோர்க்கு அத்தகைய நீண்ட தரிப்புக்கள் வேண்டியதில்லை. நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீற்றருக்கு மேற்படாத வேகத்தில் எழுந்து, 5 மீற்றரில் மூன்று நிமிடம் நின்றாற் போதும். வேறிடங்களில் இம்மூன்று நிமிடமும் வெறுநீரிற் கயிற்றைப் பற்றித் தொங்கவேண்டிய நேரம். துலம்பெனில் அவ்வாழத்திலே கப்பலின் மேற்பகுதி இருப்பதால், நின்றபடியே காண்பதற்கு எப்போதும் ஏதேனும் உண்டு. நான் நின்றபோது சிறுமீன் கூட்டமொன்று என் விரல் நுனிகளை உணவோ என்று ஆராய்ந்துகொண்டிருந்தது.

கரையேறியதும், மறுநாட் காலை பெசாக்கிக் கோயிலுக்குச் செல்லப்போவதாகக் கூறினேன். பயிற்றுநர் முகஞ் சுளித்தார். மூழ்கியவர் பன்னிரண்டு மணி நேரத்துக்கு உள்ளாக, பலமுறை மூழ்கியவராயிற் பதினெட்டு மணி நேரத்துக்கு உள்ளாக, விமானம் ஏறலாகாது என்பதை அவர் முன்னரே கூறியிருந்தார். மலையேறுதலும் அத்தகையதே என்பதை நான் நினைக்கவில்லை. உயரச் செல்லச் செல்ல வளிமண்டல அமுக்கம் குறைவதால், உடலில் எஞ்சிய நைதரசனுக்கு விமானமும் மலைச்சரிவும் ஒன்றே. அன்று நான் இருமுறை மூழ்கியிருந்தேன். ஆதலின், மறுநாள் முற்பகலைக் கடற்கரைக் கற்களின்மேல் அமர்ந்து உருளை சுமக்கும் பெண்களை நோக்கிக் கழித்து, நண்பகலுக்குப் பின்னரே மலைப்பாதையில் ஏறினேன். கோயிலை அடைந்தபோது மாலை வழிபாட்டுக்குப் பூத்தட்டுக்களை ஏந்திய மகளிர் படிகளில் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தனர். கீழே, வெகுதூரத்தில், கடல் ஒரு வெள்ளிக் கோடாகத் தெரிந்தது.